1974 அம்பாசடர்: சூடேறினால் நின்றுவிடுகிறது. இன்ஜினை இறக்கத்தான் வேண்டுமா?

சத்துவாச்சாரியிலிருந்து கேள்வி

அனைவருக்கும் வணக்கம். இரண்டு மாதங்களுக்கு முன்பு குடியாத்தத்தில் ஒரு குடும்பத்தாரிடமிருந்து 1974ஆம் ஆண்டு அம்பாசடர் மார்க் 2 வண்டி ஒன்றை வாங்கினேன். 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின், எஸ்.யூ. கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்), இன்ஜினோடு ஓடும் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப் என எல்லாம் பழைய அமைப்பிலேயே இருக்கின்றன. வீட்டுப் பெரியவர் காலமான பிறகு ஆறு ஆண்டுகள் கீற்றுக் கொட்டகைக்குள் நின்ற வண்டி இது. என் தாத்தா வேலூரில் வாடகை அம்பாசடர் ஓட்டியவர். அந்த வருமானத்தில்தான் என் அப்பாவும் அத்தைகளும் படித்தார்கள். ஆகவே வாசலில் அழகுக்கு நிறுத்த நான் இதை வாங்கவில்லை, ஓட்டுவதற்காகவே வாங்கினேன்.

காலையில் சோக்கை இழுத்துச் செல்ஃப் அடித்தால் உடனே ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. வீட்டிலிருந்து கிரீன் சர்க்கிள் வரை ஒரு குறையும் இல்லை. புதிய காட்பாடி சாலையில் பாலாற்றுப் பாலத்தை நெருங்கும்போது, அதாவது கிளம்பி இருபது, இருபத்தைந்து நிமிடங்களில், ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் வேகம் எடுக்காமல் திணறத் தொடங்குகிறது. பிறகு விட்டுவிட்டு இழுக்கிறது. விருதம்பட்டு நெரிசலில் வேகம் குறைத்தால் அணைந்தே போகிறது. செல்ஃப் எவ்வளவு அடித்தாலும் பிடிப்பதில்லை. பானெட்டைத் திறந்து வைத்து அரை மணி நேரமோ முக்கால் மணி நேரமோ காத்திருந்தால், எதுவுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை பாலத்தின் நடுவிலேயே நின்றுவிட்டது. பின்னால் வந்த பேருந்தின் நடத்துநர் இறங்கி வந்து தள்ளிக் கொடுத்தார்.

இதுவரை செய்தவை: நான்கு பிளக்குகளும் புதியவை, இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 25 பங்கு. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினோம். இன்ஜின் ஆயில் மாற்றினோம். ரேடியேட்டர் தண்ணீர் குறையவில்லை, டெம்பரேச்சர் முள் நடுவைத் தாண்டுவதில்லை, புகை இல்லை. காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது எடுத்த கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம்) அளவு முன்னாலிருந்து வரிசையாக 130, 125, 125, 130 பி.எஸ்.ஐ.

இரண்டு பட்டறைகளில் காட்டினேன். ஒரு பட்டறையில், இன்ஜின் தேய்ந்துவிட்டது, இறக்கி ரீபோர் செய்து (சிலிண்டரைக் கடைந்து) பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் மாற்ற வேண்டும், 70,000 ரூபாய் ஆகும் என்றார்கள். இன்னொரு பட்டறையில், எஸ்.யூ. கார்புரேட்டரைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு வண்டியின் கார்புரேட்டரைப் பொருத்தலாம் என்றார்கள். இரண்டுக்குமே எனக்கு மனம் ஒப்பவில்லை. செலவு செய்யத் தயங்கவில்லை, ஆனால் நோய் என்னவென்று தெரியாமல் அறுவை செய்ய விருப்பமில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

இராணிப்பேட்டையிலிருந்து பதில்

தம்பி, முதலில் இன்ஜினை இறக்கும் பேச்சை விட்டுவிடுங்கள். நீங்கள் எழுதியதில் மிகவும் பயனுள்ள வரி அந்தக் கம்ப்ரஷன் அளவுதான். நான்கு சிலிண்டர்களுக்கும் இடையே 5 பி.எஸ்.ஐ. வித்தியாசத்துக்கு மேல் இல்லை. தேய்ந்த சிலிண்டரும் ரிங்கும் உள்ள இன்ஜின் இப்படிச் சீராகக் காட்டாது. நீல நிறத்தில் புகை கக்கும், ஆயிலைக் குடிக்கும், காலையில் ஸ்டார்ட் ஆகவே அடம் பிடிக்கும். உங்கள் வண்டி காலையில் ஒழுங்காக ஓடி, சூடேறிய பிறகு நிற்கிறது, ஆறிய பிறகு மறுபடி ஓடுகிறது. அரை மணி நேரத்தில் தேய்மானம் சரியாகிவிடுமா? சூட்டில் மாறி, ஆறினால் பழைய நிலைக்குத் திரும்பும் ஒரு பொருள்தான் குற்றவாளி.

அந்த 125களைப் பற்றி ஒரு விளக்கம், ஏனென்றால் யாராவது ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர்களுக்கும் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது என்று சொல்லக்கூடும். இந்த இன்ஜின் இங்கிலாந்தின் பி.எம்.சி. பி வரிசையைச் சேர்ந்தது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு கார் வழியாக, அம்பாசடரைத் தயாரித்த உத்தரபாரா ஆலைக்கு வந்தது. இதன் ஹெட்டில் இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் வால்வுகள் நடுவில் அடுத்தடுத்து அமைந்து, ஒரே வாய் வழியாகப் புகையை வெளியே தள்ளுகின்றன. அதனால் அந்த நடுப்பகுதிதான் ஹெட்டிலேயே அதிகம் சூடாகும் இடம், கேஸ்கெட் போனாலும் பெரும்பாலும் அங்கேதான் போகும். அப்படிப் போயிருந்தால் 2, 3 இரண்டும் அக்கம்பக்கத்தைவிடப் பாதியாகக் குறைந்திருக்கும். 5 பி.எஸ்.ஐ. குறைவு ஒரு குறையே அல்ல.

இனி செய்ய வேண்டியது. வண்டி நின்ற அந்த நிமிடத்தில், நின்ற அதே இடத்தில், இல்லாமல் போனது நெருப்பா (பிளக்கில் வரும் மின்பொறி), பெட்ரோலா என்று பாருங்கள். இன்ஜின் ஓடக் காற்றும் கம்ப்ரஷனும் வேண்டும், அவை இருக்கின்றன. மீதி இந்த இரண்டுதான். பட்டறைக்கு இழுத்துப் போய்ச் சேர்வதற்குள் இன்ஜின் ஆறிவிடும், எல்லாம் ஒழுங்காக இருப்பது போலத் தெரியும், அப்புறம் ஆளுக்கொரு யூகம்தான் மிஞ்சும். உங்களுக்கு நடந்திருப்பது அதுதான் என்று நினைக்கிறேன்.

வண்டியில் ஒரு பழைய பிளக், ரப்பர் பிடி போட்ட கட்டிங் பிளேயர், 10 மி.மீ. முதல் ஸ்பேனர்களோடு அங்குல ஸ்பேனர்களும் (இந்த வண்டியின் நட்டுகள் பெரும்பாலும் அங்குல அளவு), மூடியுள்ள ஒரு கண்ணாடிப் புட்டி, ஒரு தீயணைப்பான் ஆகியவற்றை வைத்துக்கொள்ளுங்கள். போக்குவரத்து இல்லாத ஓரத்தில், உதவிக்கு ஒருவரோடு, நிற்கும் வரை ஓட்டுங்கள். நின்றதும் முதலில் நெருப்பைச் சோதியுங்கள்: டிஸ்ட்ரிப்யூட்டரின் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் பாகம்) நடு வயரைக் கழற்றி, அதன் நுனியைப் பிளேயரால் பிடித்து, இன்ஜினின் வெறும் இரும்பிலிருந்து 6 மி.மீ. தள்ளி வைத்து, உதவியாளரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். சடசடவென்று நீலமாகத் தாவினால் நெருப்பு இருக்கிறது. மஞ்சளாக, மெலிதாக, விட்டுவிட்டு வந்தால் மின்பொறியை உண்டாக்கும் காயில், காண்டன்சர், பாயிண்ட் பக்கம் பாருங்கள். அதை முடித்து வயரை மாட்டிவிட்டு, காயிலுக்கு வரும் சிறிய வயரைக் கழற்றி ஒதுக்கி வைத்த பிறகே பெட்ரோல் பக்கம் போகவேண்டும். கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் இந்த இன்ஜினில் ஒரே பக்கத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கின்றன. சிந்தும் பெட்ரோல் நேராகக் கொதிக்கும் இரும்பின் மேல் விழும். பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றிப் புட்டிக்குள் விட்டு, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். இன்ஜின் சுற்றச் சுற்றத் துடிப்பு துடிப்பாகப் பீய்ச்ச வேண்டும். சொட்டினாலோ நுரைத்து வந்தாலோ உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

நின்ற இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் இதை முடியுங்கள். அதற்குப் பிறகு எடுக்கும் முடிவு எதுவும் நம்பத்தக்கதல்ல.

காட்பாடியிலிருந்து பதில்

பெரியவர் சொன்ன முறை சரியானது. ஆனால் என் அனுபவத்தில் இந்த அறிகுறிகளுக்குப் பத்தில் ஏழு முறை காண்டன்சர்தான் காரணம். என் 1978 மார்க் 3 வண்டி இதே போலச் சித்தூர் பேருந்து நிலையத்தைத் தாண்டியதும் நின்றுகொண்டிருந்தது. பெட்ரோல் பம்பை மாற்றினேன், கார்புரேட்டரை மூன்று முறை பிரித்தேன். கடைசியில் டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் விரல் நுனியளவு இருக்கும் அந்தக் காண்டன்சரை மாற்றியதும் தீர்ந்தது. காண்டன்சர் கெட்டுப்போனால் பாயிண்ட் திறக்கும் ஒவ்வொரு முறையும் பாயிண்ட் முகங்களுக்கு இடையே பொறி பறக்கும். முகங்கள் நீலம் பாய்ந்து, ஒரு முகத்தில் மேடும் மறு முகத்தில் குழியும் விழுந்திருக்கும். டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியைத் திறந்து இதை மட்டுமாவது பாருங்கள். பாயிண்ட் இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 14 முதல் 16 பங்கு வரை இருக்கவேண்டும்.

இன்னொன்று, காயிலை அளந்து பாருங்கள். மல்டிமீட்டரில் காயிலின் இரண்டு சிறு முனைகளுக்கு இடையே 3 ஓம் அளவுக்குக் காட்டினால் அது இந்த வண்டிக்கு உரிய காயில். 1.5 ஓம் காட்டினால், தனி ரெசிஸ்டரோடு ஓடவேண்டிய வேறு வண்டிக் காயிலை யாரோ மாட்டியிருக்கிறார்கள். அதை நேராக 12 வோல்ட்டில் ஓட்டினால் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகி, அரை மணியில் சோர்ந்துவிடும், பாயிண்ட்டையும் தின்றுவிடும். பல கைகள் மாறி வந்த வண்டிகளில் இது சாதாரணமாக நடப்பது. சேர்ந்தாற்போல் தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூட்டைச் சீராக வைக்கும் தண்ணீர் வால்வு) இருக்கிறதா என்றும் பாருங்கள். நம் ஊர் வெயிலுக்கு எதற்கு என்று கழற்றிவிட்டிருப்பார்கள்.

சத்துவாச்சாரியிலிருந்து மறுமொழி

இருவருக்கும் நன்றி. சொன்னபடியே செய்தேன்.

காயில் 3.1 ஓம் காட்டியது. பாயிண்ட் முகங்கள் வெளுத்த சாம்பல் நிறத்தில் சுத்தமாக இருந்தன. இருந்தாலும் காட்பாடி நண்பரின் பேச்சை மதித்துக் காண்டன்சரை மாற்றினேன், அதற்குச் செலவு ஒன்றும் பெரிதில்லை. மறுநாள் மைத்துனரோடு கிளம்பி, நெடுஞ்சாலையின் சர்வீஸ் சாலையில் ஓட்டினேன். இருபத்திரண்டாவது நிமிடத்தில் நின்றது.

நடு வயரைப் பிடித்துச் சோதித்தபோது நீல நிறத்தில், காதில் கேட்கும்படி சொடுக்கியது. ஒரு சுற்றுகூடத் தவறவில்லை. பிறகு பெட்ரோல் குழாயைக் கழற்றிப் புட்டியில் விட்டோம். முதல் ஐந்தாறு சுற்றுகளுக்கு வெறும் காற்று புஸ் புஸ் என்று வந்தது, பிறகு கொஞ்சம் நுரை, பிறகு ஒரு தேக்கரண்டி அளவு பெட்ரோல், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து, ஆறிய இன்ஜினில் அதே சோதனையைச் செய்தபோது அரைப் புட்டி பெட்ரோலைப் பீய்ச்சி அடித்தது. ஆகவே பெட்ரோல்தான் நிற்கிறது என்பது உறுதியாகிவிட்டது. பம்பை மாற்றிவிடலாமா? அல்லது வெயிலில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைத்துக்கொள்கிறதா? பாலத்தின் மேல் மே மாத அனல் உங்களுக்குத் தெரியாததல்ல.

ஆம்பூரிலிருந்து பதில்

நான் பழைய வண்டிகளுக்கென்றே பட்டறை வைத்திருக்கிறேன். பம்பை உடனே மாற்ற வேண்டாம். காற்று வருகிறது என்று சொன்னீர்களே, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் பம்ப் தள்ளுவதற்கு முன்னால் இழுக்கிறது. பின்னாலிருக்கும் டேங்கிலிருந்து முன்னாலிருக்கும் பம்ப் வரை முழுத் தொலைவும் உறிஞ்சும் வழி. அந்த வழியில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தால் பெட்ரோல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். ஆகவே கீழே குனிந்து பார்த்து ஒழுகல் இல்லை என்று முடிவு செய்ய முடியாது. அடைப்பு இருந்தாலோ, பம்ப் இழுக்க இழுக்கக் குழாய்க்குள் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் பெட்ரோல் குறைந்த சூட்டிலேயே கொதித்து ஆவியாகும். அதனால் நீங்கள் சொல்லும் ஆவி அடைப்பு உண்மையாகவே நடக்கலாம், ஆனால் பெரும்பாலும் அது விளைவு, காரணம் வேறிடத்தில் இருக்கும். இந்த வண்டிகள் புதியனவாக இருந்தபோதும் வேலூரில் இதே வெயில்தான் அடித்தது, இதே பாலத்தின் மேல் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

நான்கு இடங்களைச் சொல்கிறேன். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகும். நிற்கும்போது மூடியைத் திறந்தால் சீறும், உடனே வண்டி கிளம்பிவிடும். ஒரே நொடியில் தெரிந்துவிடும் என்பதால் இதை முதலில் பாருங்கள். அடுத்து, ஆறு ஆண்டுகள் நின்ற டேங்கின் அடியில் துருச் செதில்கள் இருக்கும். ஓடும்போது அவை உறிஞ்சு குழாயின் வாயில் ஒட்டிக்கொள்ளும், வண்டி நின்றதும் மெல்ல உதிர்ந்து விழும். மூன்றாவது பம்பின் டயாஃப்ரமும் (பெட்ரோலை இழுத்துத் தள்ளும் சவ்வு) வால்வுகளும்.

நான்காவதைத்தான் நான் முதலில் சந்தேகிக்கிறேன். பாடியின் அடியில் ஓரமாக வரும் இரும்புக் குழாய்க்கும் பம்புக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லாத ரப்பர் ஹோஸ் ஒன்று இருக்கும். இன்ஜின் ஆடும், பாடி ஆடாது, அதற்காக வைத்த ஹோஸ் அது. இப்போது பங்க்கில் நமக்குக் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 1974இல் செய்த ரப்பரோ, அதே பழைய முறையில் பிற்பாடு செய்த மலிவு ரப்பரோ எத்தனாலைத் தாங்குவதில்லை. உள்பக்கம் ஊறி, உப்பி, அடுக்கு பிரிந்துவிடும். வெளியே பார்த்தால் புதிதாகத் தெரியும். உள்ளே பிரிந்த தோல், பம்ப் இழுக்கும்போது கதவு போல மூடிக்கொள்ளும். எக்ஸாஸ்ட்டின் சூட்டில் ரப்பர் இளகினால் இன்னும் வேகமாக மூடும், ஆறினால் விறைத்து வழிவிடும். உங்கள் அரை மணிக் கணக்கு எனக்கு அதைத்தான் சொல்கிறது.

நிச்சயப்படுத்த ஒரு வழி. பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் பைக்குகளுக்குப் போடும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஃபில்டர் ஒன்றைப் பொருத்துங்கள், சூடான இரும்பிலிருந்து தள்ளி. ஆறிய வண்டியில் அது நிறைந்திருக்கும். திணறத் தொடங்கியதும் ஓரம் கட்டி, இன்ஜினை அணைக்காமல், பானெட்டைத் திறந்து அதைப் பாருங்கள். அதன் பிறகு பழைய ஹோஸைக் கழற்றிவிட்டு, எத்தனாலைத் தாங்கும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் ஹோஸை நல்ல கிளிப்புகளோடு மாட்டி ஓட்டுங்கள். சரியாகிவிட்டால் பம்பும் டேங்கும் குற்றமற்றவை.

சத்துவாச்சாரியிலிருந்து மறுமொழி

ஆம்பூர் அண்ணாவுக்கு என் மனமார்ந்த நன்றி.

டேங்க் மூடியில் சீற்றம் இல்லை. பிளாஸ்டிக் ஃபில்டரை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். முதலில் முக்கால் பங்குக்கு மேல் தெளிந்த பெட்ரோல் நின்றது. திணறல் தொடங்கியதும் நிறுத்திப் பார்த்தேன்: ஃபில்டரின் அடியில் ஒரு விரல் தடிமனுக்குப் பெட்ரோல், அதற்கு மேல் சோப்பு நுரை போலப் பொடிப்பொடியாகக் குமிழ்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் நுரை ஒரு முறை மேலே எழுந்து அடங்கியது, பெட்ரோல் மட்டம் இறங்கிக்கொண்டே போயிற்று. அது காலியான சில நொடிகளில் இன்ஜின் அணைந்தது. இத்தனை நாள் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த ஒன்றை அப்போதுதான் நேரில் பார்த்தேன்.

ஆறிய பிறகு ஹோஸைக் கழற்றினேன். வெளியே கறுப்பாக, வெடிப்பில்லாமல், யாரும் மாற்றத் தோன்றாத நிலையில் இருந்தது. பிளேடால் நீளவாக்கில் பிளந்தேன். உள்தோல் பாதி நீளத்துக்குப் பிரிந்து, ஊறிய பலாச்சுளைத் தோல் போல மடங்கிக் கிடந்தது. விரலால் தொட்டால் கறுப்பு மை போல ஒட்டியது. ஒரு முனையில் கிளிப் அழுத்திய இடத்தில் மெல்லிய வெடிப்பும் இருந்தது, காற்று அங்கிருந்து வந்திருக்க வேண்டும். புதிய ஹோஸ் மாட்டினேன், டேங்க் பக்கத்து ஹோஸையும் சேர்த்தே மாற்றினேன். டேங்கைக் கழற்றிக் கழுவியபோது இரண்டு கைப்பிடி அளவு துரு வந்தது.

அதன் பிறகு நான்கு நாட்களாகப் பிற்பகல் வெயிலில் ஓட்டுகிறேன். பாலம், ஓடைப் பிள்ளையார் கோயில், சித்தூர் பேருந்து நிலையம், அங்கிருந்து பொன்னை வரை போய்த் திரும்பினேன். ஒரு முறையும் நிற்கவில்லை.

ஒரே ஒரு மிச்சம். நன்றாகச் சூடேறிய பிறகு ஐட்லிங்கில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) மெல்லிய மிஸ்ஸிங் இருக்கிறது. புகைக்குழாயின் வாயில் ஒரு காகிதத்தைப் பிடித்துப் பார்த்தேன். சீராக வெளியே படபடத்துக்கொண்டிருந்த காகிதம் அவ்வப்போது ஒரு கணம் உள்பக்கம் இழுபட்டது. சூட்டோடு கம்ப்ரஷன் எடுத்தேன்: 135, 130, 95, 135. மூன்றாவது சிலிண்டர் ஆறியிருந்தபோது 125 காட்டியதே, சூட்டில் ஏன் 95க்கு இறங்குகிறது? முதல் பட்டறையில் சொன்னது ஒரு வேளை சரிதானோ என்று மறுபடியும் கவலையாக இருக்கிறது.

இராணிப்பேட்டையிலிருந்து பதில்

கவலைப்படாதீர்கள் தம்பி. காகிதம் உள்ளே இழுபடுவது எக்ஸாஸ்ட் வால்வு சரியாக மூடாததன் அடையாளம். பிஸ்டன் ரிங் பழுதானால் காகிதம் இப்படி இழுபடாது. இதையும் உறுதி செய்ய, பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயிலை ஊற்றிக் கம்ப்ரஷனை மறுபடி எடுங்கள். ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் இடைவெளியை அடைத்து அளவு ஏறும். வால்வாக இருந்தால் 95 அப்படியே நிற்கும்.

காரணம் இதுவாகத்தான் இருக்கும். இந்த இன்ஜின் ஈயம் கலந்த பெட்ரோலுக்காக வார்க்கப்பட்டது. எரிந்த ஈயம் வால்வுக்கும் அது அமரும் சீட்டுக்கும் நடுவில் மெல்லிய படிவாக இருந்து தேய்மானத்தைத் தடுத்தது. 2000இல் நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் நிறுத்தப்பட்டது. அதிலிருந்து, வெறும் வார்ப்பிரும்பில் கடைந்த எக்ஸாஸ்ட் சீட்டுகள் மெல்ல மெல்லத் தேய்ந்து, வால்வு ஹெட்டுக்குள் புதைந்துகொண்டே போகிறது. வால்வு உள்ளே போனால் அதன் தண்டு மேலே ஏறும், வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கருக்கும் தண்டுக்கும் உள்ள டேப்பெட் இடைவெளி குறையும். ஆறியிருக்கும்போது தலைமயிர் அளவு இடைவெளி மிச்சமிருக்கும், 125 காட்டும். சூட்டில் தண்டு நீண்டதும் அந்த மிச்சமும் போய், வால்வு முழுதாக மூடாமல் நிற்கும், 95 காட்டும். மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட், நான் முதலில் சொன்ன அந்தச் சூடான நடுப்பகுதியில் இருப்பதுதானே.

டேப்பெட்டை அளவு வைத்துவிடுங்கள். ரேடியேட்டர் பக்கத்திலிருந்து எட்டு வால்வுகளை 1 முதல் 8 வரை எண்ணிக்கொள்ளுங்கள். 1, 4, 5, 8 எக்ஸாஸ்ட். 2, 3, 6, 7 இன்லெட். எந்த வால்வை அளக்க வேண்டுமோ, அதோடு சேர்த்தால் ஒன்பது வரும் எண்ணுள்ள வால்வு முழுதாகத் திறந்து அழுந்தியிருக்கும்படி இன்ஜினைச் சுற்றி நிறுத்த வேண்டும். 1ஆவதை அளக்க 8 திறந்திருக்க வேண்டும், 6ஐ அளக்க 3. உங்கள் மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் 5ஆம் வால்வு. 4ஆம் வால்வை முழுதாகத் திறக்க வைத்து 5ஐ அளவு வையுங்கள். கையேட்டில் உள்ள இடைவெளிதான் கணக்கு. சத்தம் கேட்கிறது என்று இறுக்கிவிடாதீர்கள். இந்த இன்ஜினுக்கு டேப்பெட் சத்தம் கொஞ்சம் இருப்பதே ஆரோக்கியம், சத்தமே இல்லாவிட்டால்தான் பயப்பட வேண்டும்.

அதோடு பெட்ரோலும் காற்றும் சேரும் கலவையையும் பாருங்கள். எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால், பழைய பெட்ரோலுக்கு வைத்த கார்புரேட்டரில் கலவை மெலிந்துபோகும், மெலிந்த கலவை எக்ஸாஸ்ட் வால்வை இன்னும் சூடாக்கும். இன்ஜின் சூடாக ஐட்லிங்கில் ஓடும்போது, எஸ்.யூ. கார்புரேட்டரின் பிஸ்டனை ஒரு மி.மீ.க்கும் குறைவாக மெல்ல உயர்த்துங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் கலவை கெட்டி (பெட்ரோல் அதிகம்). உடனே திணறி அணையப் பார்த்தால் மெலிவு (பெட்ரோல் குறைவு). லேசாகக் கூடிப் பழையபடி அடங்கினால் சரி. மெலிவாக இருந்தால் அடியிலுள்ள ஜெட் நட்டை ஆறு பட்டைகளில் ஒவ்வொரு பட்டையாகக் கீழே இறக்கிச் சோதியுங்கள். பிளக்கின் நுனி வெளுத்திருந்தால் மெலிவு, கரி படிந்திருந்தால் கெட்டி, இளம் பழுப்பாக இருக்கவேண்டும்.

ஹெட்டை இப்போதே கழற்ற வேண்டாம். எட்டு வால்வுகளின் இடைவெளியையும் ஒரு நோட்டில் எழுதி, 1,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை அளந்து பாருங்கள். 5ஆம் வால்வு தொடர்ந்து குறைந்துகொண்டே வந்தால், அப்போது ஹெட்டை மட்டும் கழற்றி, லேத்தில் கடினமான சீட் வளையங்களை அழுத்திப் பொருத்தலாம். அதற்கும் இன்ஜினை இறக்கத் தேவையில்லை.

சத்துவாச்சாரியிலிருந்து மறுமொழி

ஐயா, நீங்கள் சொன்னபடியே எல்லாம் நடந்தது. ஆயில் ஊற்றியும் 95 அசையவில்லை. 5ஆம் வால்வில் இடைவெளி அளக்கும் மிக மெல்லிய ஃபீலர் தகடுகூட நுழையவில்லை. 4இல் பாதி இடைவெளிதான் இருந்தது, 1, 8 இரண்டிலும் சுமாரான இடைவெளி இருந்தது. எட்டையும் ஒன்பது கணக்கில் அளவு வைத்தேன். மறுநாள் சூட்டோடு எடுத்த அளவு 135, 135, 130, 135. ஜெட் நட்டை இரண்டு பட்டை இறக்கிய பிறகு பிளக்குகள் பழுப்பு நிறத்துக்கு வந்துவிட்டன. காகிதம் இப்போது உள்ளே இழுபடுவதில்லை.

போன சனிக்கிழமை அப்பாவை முன் இருக்கையில் உட்கார வைத்து ஏலகிரிக்குப் போனேன். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் நிற்காமல் ஏறியது, அநேகமாக இரண்டாம் கியரிலேயே. மேலே போய் நிறுத்தியதும் முதல் வேலையாக ஃபில்டரைப் பார்த்தேன், நிறைந்திருந்தது. இன்று 1,000 கிலோமீட்டர் முடிந்தது. நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு அளந்தேன்: ஏழு வால்வுகள் வைத்த அளவிலேயே நிற்கின்றன, 5ஆம் வால்வு மட்டும் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. மறுபடி அளவு வைத்துத் தேதியோடு எழுதிவிட்டேன்.